சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட பாதி ஜெபம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். வில்லியனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் டிராக்டர் மெக்கானிக். எதையும் பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். அப்படிப்பட்ட நானே இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தோன்றாமல் அப்படியே வைத்திருக்கிற ஒரு சாயங்காலம் அது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் ஜெபம் இரண்டு பாதி. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர் சொல்ல வேண்டும். முதல் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷமும் அது அவளுடையதாகவே இருந்தது. அவளுக்கு வெண்கலக் குரல். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே கேட்கும். என் பாதியை நான் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பேன். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவன் வேறு எப்படிச் சொல்வான்? பல நாள் நடுவில் தூங்கிவிடுவேன். ஜெபமாலையில் தொங்கும் சிலுவையாலேயே விலாவில் ஒரு குத்து விழும்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீட்டுக்காரர்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் குடி வந்தவர்கள், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள். அந்த அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போவாள், நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாள். என் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணே என்றும் கூப்பிடுவாள். இவள் ஜெபத்தைத் தொடங்கினால் அவள் அரிசியை அடுப்பில் ஏற்றுவாள், முடித்தால் இறக்குவாள். "அக்கா மட்டும் இல்லேன்னா எங்க வூட்ல சோறு கொழஞ்சிதான் போவும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய மழை மாதத்தில் என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலையில் தெளிவாகப் பேசினாள். பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. உங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல" என்று என் மனைவிதான் என்னை விரட்டினாள். நானும் போனேன். ஒரு டீயோடு திரும்பியிருக்கலாம். பசித்தது, ஒரு பன்னும் வாங்கித் தின்றேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "போயிட்டாங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் சாகும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் காதோரமாகக் குனிந்து ஜெபம் சொல்லி அனுப்ப வேண்டும். பூசை வைக்கிற சாமியாரை அழைத்து மந்திரித்த எண்ணெய் பூச வேண்டும். என் மனைவி எத்தனையோ பேருக்குப் போய்ச் சொன்னவள். தெருவில் யார் கிடையில் விழுந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். அவளுக்கோ சாமியாரும் இல்லை, ஜெபமும் இல்லை. கட்டிய புருஷன் பன் தின்றுகொண்டிருந்தான்.

இதுதான் என்னை அறுத்தது. சாவு எல்லாருக்கும் வருவதுதான், அதை எப்படியோ விழுங்கியிருப்பேன். ஆனால் நான் சொல்லிவந்த மறுபாதியில் என்ன கேட்கிறோம்? இப்போதும் எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றுதானே? ஒரு நாளைக்கு ஐம்பத்து மூன்று தடவை. இருபத்தேழு வருஷம். கேட்டதெல்லாம் எங்கே போனது?

வெளியூரிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் கேட்டதற்காக முப்பதாம் நாள் பூசையை நடத்தினேன். அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். மகள் அவள் ஊருக்குத் திரும்பினாள். வேலைக்குப் போகும் வழியில்தான் லூர்து மாதா கோயில். அந்த இடம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை முறுக்குவேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களையும் விடவில்லை. "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்றார் ஒருவர். "அதான் நீங்க எண்பது வயசுலயும் திடமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்த மனிதர் வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

நான்கு மாதம் இப்படி ஓடியது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. வேலை முடிந்து வரும்போது எதிரே வந்தவர்கள் பல பேர் நெற்றியில் சாம்பல் சிலுவை. என் நெற்றியில் கிரீஸ்தான் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, எனக்குத்தான் என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். மணி ஏழு. ஆணியில் மாட்டியிருந்த அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

ஆரம்பிக்க வரவில்லை. தெரியாமல் இல்லை, சின்ன வயதிலேயே மனப்பாடம் ஆனதுதான். ஆனால் முதல் பாதி அவள் குரலில் வந்தால்தான் என் வாய் திறக்கும் என்று ஆகிப்போயிருந்தது. பிறகு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, படத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"தெனம் தெனம் கேட்டனேம்மா! சாவுற நேரத்துல கூட இருன்னு கேட்டனே! ஊருக்கெல்லாம் ஜெபம் சொன்னவள, காதுல ஒரு வார்த்த வுழாம அனுப்பிட்டியே!"

கத்தி முடித்தேன். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அருள் நிறைந்த மரியே..."

பக்கத்து வீட்டு அம்மா. என் மனைவி இழுக்கிற இடத்தில் இழுத்து, அவள் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, முதல் பாதியை முடித்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது, இது என்ன விளையாட்டு என்று. பதில் சொல்லவில்லை. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லி நிறுத்தினாள். மூன்றாவது தடவை, என்னைக் கேட்காமலே என் வாய் மறுபாதியைச் சொல்லிவிட்டது.

அப்படியே போனோம். ஜெபமாலையில் பத்து மணி முடிந்தால் ஒரு நிறுத்தம் உண்டு. கையில் மணி இல்லாத அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. பதினாறு, பதினேழு என்று போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. எழுந்து போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். கையில் கரண்டியோடு அழுதுகொண்டே வந்தாள்.

"நீங்க கத்தனது கேட்டுச்சிண்ணே. இனிமே மறைச்சா எனக்குத்தான் பாவம்" என்று ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தகூட வுழலன்னு சொல்லாதீங்க. நீங்க டீ குடிக்கப் போனதும் அக்காவுக்கு மூச்சு ஒரு மாரி ஆயிடுச்சி. நர்ஸுங்கல்லாம் ஓடியாந்து பாத்துகினு இருந்தாங்க. அக்கா என் கையப் புடிச்சிகினு ஒதட்ட ஒதட்ட அசைச்சாங்க. எனக்கு வெளங்கிடுச்சி. காதாண்ட குனிஞ்சி, அக்கா தெனம் சொல்லுவாங்களே, அதச் சொன்னேன்."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பாதி எனக்குத் தெரியாதுண்ணே. நீங்க சொல்றது எங்க, செவுத்துக்கு இந்தாண்ட ஒண்ணும் கேக்காதே. மேல இன்னா சொல்றதுன்னு முழிச்சேன். அக்காவே சொன்னாங்க. மூணு தபா நான் சொன்னேன், மூணு தபா அக்கா சொன்னாங்க. நாலாவது தபா சொல்லிட்டுக் காத்துகினு இருந்தேன்..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நெத்தி நெறையக் குங்குமத்த வச்சிகினு உங்க ஜெபத்தச் சொல்லிட்டனே. அதுவும் அரைகொறையா. தப்பு எதுனா ஆயிடுமோன்னு பயம். நீங்க வேற ஊர்ல இருக்கற எல்லாரையும் கடிச்சிகினு இருந்தீங்க. இன்னான்னு வந்து சொல்றது?"

நான் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யாரைத் திட்டினேனோ, அந்த மாதா என் மனைவியிடம் ஆளை அனுப்பித்தான் இருந்தாள். அந்த ஆள் இருபது வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சோறு வடித்துக்கொண்டு, ஜெபத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "அய்யே, இன்னாண்ணே இது" என்று உள்ளே ஓடிவிட்டாள். அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சோறு நிஜமாகவே குழைந்துபோய்விட்டது. எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்சுதான், ஆனாலும் போனேன். காபி குடிக்காமல் போன பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏன் இத்தனை சீக்கிரம் அழைத்துக்கொண்டாய் என்று இன்றும் மாதாவிடம் கேட்கிறேன், சில நாள் சண்டையாகவே கேட்கிறேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. பன் மட்டும் இன்னும் தொண்டையில் இறங்குவதில்லை.

இப்போது ஏழு மணிக்கு நான்தான் ஜெபத்தைத் தொடங்குகிறேன், பக்கத்து வீட்டு அடுப்புக்குக் கேட்கும்படி சத்தமாக. கடைசி நேரத்தில் என் மனைவி என் பாதியைச் சொல்லிவிட்டுப் போனாள் என்பதால், இப்போது அவளுடைய முதல் பாதியை நான் சொல்லிவிட்டு, மறுபாதியைத் தொடங்கும் முன் ஒரு மூச்சு காத்திருக்கிறேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் தனியாக இருப்பதாக ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.