ஐந்தாம் எண் கட்டம்

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு எட்டு ஃப்ளாட் கட்டினார்கள். அதில் இரண்டாவது மாடியில் ஒன்றை அப்பா வாங்கினார். கட்டடம் தூண்களின் மேல் நின்றது. கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துவதற்கு. சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டால் எட்டுக் கட்டங்கள், ஒன்று முதல் எட்டு வரை எண்கள். எங்களுடையது ஐந்து. கார் இருந்ததோ மூன்றாவது மாடி டாக்டர் ஒருவரிடம் மட்டும். மற்ற ஏழு கட்டங்களையும் தினமும் பெருக்கி, வெள்ளிக்கிழமைகளில் கோலம்கூடப் போட்டோம். எல்லார் வீட்டிலும் கார் வரப்போவதாகவே பேச்சு. எப்போது என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

"இன்னாம்மா இது, மனுசன் குந்த எடமில்ல, இல்லாத காருக்கு ஏழு ரூம்பு கீது" என்று வாட்ச்மேன் என்னிடம் அலுத்துக்கொள்வார். அவருக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது மீட்டர் பெட்டிக்கு அடியில் ஒரு ஸ்டூல்.

இதற்கெல்லாம் சட்டம் எழுதியவர் என் அப்பா. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அடையாறில் ஒரு பெரிய அடுக்குமாடியில் குடியிருந்த நண்பரிடம் விதிமுறைகளை வாங்கிவந்து, கட்டடத்தின் பெயரை மட்டும் மாற்றி டைப் அடித்து, எட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டார். கட்டத்துக்குள் காரைத் தவிர எதுவும் நிற்கக் கூடாது. ஸ்கூட்டர்கள் காம்பவுண்டு சுவர் ஓரம். சைக்கிள் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்த அடையாறு கட்டடத்தில் யாரிடமும் சைக்கிள் இல்லையாம்.

என்னிடம் இருந்தது. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. மந்தைவெளி வழியாகப் போய்ப் பாலத்தில் ஏறி இறங்கினால் பள்ளிக்கூடம். பாலத்தின் மேல் காற்று முகத்தில் அடிக்கும். வீட்டில் அம்மா, வகுப்பில் நாற்பது பிள்ளைகள், இவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் அது ஒன்றுதான். வெளியே விட்டால் சைக்கிள் காணாமல் போய்விடும். உள்ளே விட்டால் சட்டமீறல். அதனால் தினமும் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன், இறங்கினேன். டாக்டர் பார்க்கும்போதெல்லாம், "முதுகு வலின்னு எங்கிட்ட வந்துடாதேம்மா" என்பார்.

நவராத்திரிக்கு முன்பு மாடிப்படிச் சுவருக்குப் புது வெள்ளையடித்தோம். மூன்றாம் நாளே சுவரில் கறுப்பாக ஒரு டயர்க் கோடு. முதல் மாடியில் இருந்த ரிட்டையர்டு பேங்க் மாமா புகார் எழுதி அப்பாவிடம் நீட்டினார். செயலாளர் வீட்டிலேயே ஒழுங்கு இல்லை என்று கடைசியில் ஒரு வரி. அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஆயுத பூஜை முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள அந்தச் சைக்கிளை யாருக்காவது கொடுத்துடு. நான் தினம் ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்" என்றார்.

அப்பாவின் ஸ்கூட்டரில் போவதைவிடத் தவழ்ந்து போகலாம். மயிலாப்பூரில் திரும்பின பக்கமெல்லாம் கோயில். ஒவ்வொரு சந்நிதிக்கும் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்வார். மந்தைவெளியைத் தொடுவதற்குள் என் முதல் பீரியட் முடிந்துவிடும். எனக்கு அழுகையாக வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. கூடத்தில் கொலு வைத்தாகிவிட்டது. சைக்கிள் நிறுத்த இடமில்லை. கடைசியில் அதைக் கொலுப்படிகளுக்குப் பின்னால் சாய்த்து, அரக்குப் பட்டுப்புடவை ஒன்றைப் போட்டு மூடினாள். வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமி ஒருத்தி எட்டிப் பார்த்து, "பின்னாடி என்ன, யானை வாகனமா?" என்று கேட்டாள். "அடுத்த வருஷத்துக்கு" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

ஆயுத பூஜை வந்தது. முந்தைய வருஷம் டாக்டரின் காருக்கு மட்டும் மாலை போட்டு, மற்ற ஏழு குடும்பங்களும் சுற்றி நின்று சுண்டல் சாப்பிட்டதில் அப்பாவுக்கு மனக்குறை. அதனால் இந்த முறை நோட்டீஸ் ஒட்டினார்: 'இன்று ஒரு நாள் மட்டும் அவரவர் வாகனத்தை அவரவர் கட்டத்தில் நிறுத்திப் பூஜை செய்யலாம்.' அவர் மனதில் இருந்தவை ஸ்கூட்டர்கள்.

முதலில் ஸ்கூட்டர்கள்தான் வந்தன. அப்புறம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஏழாம் எண் வீட்டுக்காரர் பால்கனியில் மறைத்து வைத்திருந்த சைக்கிளோடு இறங்கினார். இரண்டாம் எண் வீட்டு மாமி, "பாத்ரூம்ல வெச்சிருந்தோம்" என்று அசடு வழிந்துகொண்டே ஒன்றை உருட்டிவந்தாள். எட்டாம் எண் வீட்டிலிருந்து இரண்டு. எங்கள் வீட்டைத் தவிர நான்கு வீடுகளில் சைக்கிள் இருந்திருக்கிறது. எல்லாரும் தங்களிடம் மட்டும்தான் இருப்பதாக நினைத்து வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள். கடைசியாக, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த தூசியோடு பேங்க் மாமா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் யாரும் பார்ப்பதற்கு முன் அதில்தான் சித்திரக்குளம் போய்க் காய்கறி வாங்குவாராம்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள், "ஏன்னா, சுவத்துல இருக்கற டயர்க் கோடு முதல் மாடியோட நின்னுபோச்சே, பாத்தேளா?" என்றாள் சத்தமாக. பேங்க் மாமா தன் சைக்கிளுக்குக் குங்குமம் வைப்பதில் மும்முரமானார். அன்று சாயங்காலமே புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஆனால் எனக்கு வேண்டியது அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. மேலே போய்ப் புடவையை உருவிவிட்டு என் சைக்கிளைத் தூக்கிவந்து, ஐந்தாம் எண் கட்டத்தில் அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் மிதிச்சேன்டி" என்றார் மெதுவாக. "கார்ல வந்து இறங்கறவா முன்னாடி வேர்த்து வழிஞ்சுண்டு போய் நிப்பேன். நீயாவது அப்படி நிக்க வேண்டாம்னு பாத்தேன். அதான்."

இத்தனை நாள் அவருக்குச் சட்டம்தான் பெரிது என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு வேற வழியில்லை, மிதிச்சேள். எனக்கு உங்க ஸ்கூட்டர் இருக்கு, பஸ் இருக்கு. எனக்கு இது பிடிச்சிருக்குப்பா. அதனால மிதிக்கறேன்."

அவர் குனிந்து என் சைக்கிளின் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு முன் டயரை. மறுபடி பின் டயரை.

"பின்னாடி காத்து கம்மியா இருக்கு. இப்படியே போனா பாலம் ஏறறச்சே மூச்சு வாங்கும்" என்றார். "யார்கிட்டயாவது பம்பு இருக்கான்னு கேளு."