மயங்கி விழுந்தால் மட்டும் சொந்தம்

என் துணை ரேகாவையும் ஆபீஸ் இன்சூரன்ஸில் சேர்க்கச் சொல்லி, இன்று மறுபடியும் எச்.ஆர். மேடத்திடம் போய் நின்றேன். ரேகாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது.

"கணவர், புள்ளைங்க, மாமியார்வரைக்கும் சேர்க்கலாம்மா. சும்மா கூட இருக்கறவங்கள சேர்க்க முடியாது."

"ரெண்டு பேரும் பொண்ணுங்கன்னு, கல்யாணம் பண்ணிக்க சட்டம் எங்கள விடலியே மேடம். கம்பெனி நெனச்சா சேர்க்கலாம்."

"மேல கேட்டுட்டேன். முடியாதுன்றாங்க."

போன மாதம் நான் ஆபீசில் மயங்கி விழுந்தபோது இதே மேடம் முதலில் போன் செய்தது ரேகாவுக்குத்தான். பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் பையோடு ஓடிவந்தாள். "அவங்க வீட்டு ஆளு வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கியதும் இதே மேடம்தான்.

பஸ்ஸில் சீட் இருந்தும் உட்கார முடியவில்லை. முத்தியால்பேட்டைவரை நின்றுகொண்டே வந்தேன்.

நான் விழுந்தால் அவள் வீட்டு ஆள். அவள் படுத்தால் யாரோ.

உங்கள் ஆபீசில் எப்படி?