காது வண்டியின் முதுகுப் பலகை

வண்டிகள் நகராது என்று தெரிந்ததும் காதுவண்டி அக்கா முதலில் எஞ்சினை அணைக்கிறார். பிறகு பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தை மடியில் விரித்த கைக்குட்டையோடு சேர்த்துச் சுருட்டிப் பக்கத்து இருக்கையில் வைக்கிறார். கதவைத் திறந்து, படியில் நின்றபடியே கூரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்க்கிறார். ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை. கீழே இறங்கி வண்டியின் பின்பக்கம் போய், கதவில் தொங்கும் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுகிறார்: "பஸ் பஞ்சர். பன்னிரண்டு நிமிஷம் ஆகும்." அதன் கீழே ஓர் அம்புக்குறி. அது பம்பரின் மேல் எழுதியிருக்கும் வானொலி நிலையத்தின் எண்ணைக் காட்டுகிறது. கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து, மிச்சப் பழத்தை உரிக்கத் தொடங்குகிறார்.

பின்னால் நிற்கும் கார்க்காரர் பலகையைப் படிக்கிறார். வேறு என்னதான் செய்வார்? பன்னிரண்டு நிமிடத்துக்கு அவருக்குக் கிடைத்த ஒரே வாசிப்பு அதுதான். கொஞ்ச நேரத்தில் அவர் கை வானொலிப் பெட்டியை நோக்கிப் போகிறது. அக்கா அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்கிறார்.

வானொலி நிலையத்தின் விளம்பர வண்டி அது, முழுக்க மஞ்சள். கூரைமேல் ஆளுயரக் காது ஒன்று, ஃபைபரில் செய்தது, மடல், துளை, தொங்கட்டான் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஊரில் உள்ள சுரங்கப்பாதைகளில் எதில் அந்தக் காது நுழையும், எதில் இடிக்கும் என்பது அக்காவுக்கு விரல் நுனியில். சிக்னலில் குழந்தைகள் தலையை நீட்டி, "ஆன்ட்டி, இன்னொரு காது எங்க?" என்று கேட்கும். "வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன் கண்ணு. எங்க வீட்டுக்காரர் பேசறத யாராவது கேக்கணும்ல?" என்பார். ஆறு வருடமாக ஒரே பதில்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல்முறை சொல்வதுபோலத் தானும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர் என்பது வேறு விஷயம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். காலையில் மனைவி கிளம்புமுன் நான்கு சாக்பீஸ்களின் முனையைப் பிளேடால் சாய்வாகச் சீவி ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டுக் கொடுத்துவிடுவார். சாய்வாகச் சீவினால் எழுத்து பட்டையாக விழும், தூரத்திலிருந்து தெரியும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் அங்கே காலையிலிருந்து கேட்பது போட்டி நிலையத்தின் பாட்டு. "சொந்த வீட்டுலயே எதிர்க்கட்சி" என்று அக்கா அலுத்துக்கொள்வார். மகளோ, "உங்க ரேடியோ டிராஃபிக்ல மாட்டிக்கிட்டவங்களுக்கும்மா. நான் என்ன மாட்டிக்கிட்டா இருக்கேன்?" என்பாள். அக்காவுக்கு அந்த வாய் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

ஊரே எதிலிருந்து தப்பிக்கத் துடிக்கிறதோ அதைத் தேடிப் போய் அதன் நடுவில் வண்டியைச் சொருகுவதுதான் அவர் வேலை. "நான் சீக்கிரம் போய்ச் சேந்துட்டா அன்னிக்கு வேலைய ஒழுங்கா பாக்கலைன்னு அர்த்தம்" என்கிறார். நெரிசல்களை அவர் வகை பிரித்து வைத்திருக்கும் அழகைக் கேட்க வேண்டும். மழை நெரிசல் ஆகாது. எல்லாரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள், படிக்க மாட்டார்கள். பெரிய மனிதர் யாராவது போவதற்காகப் பாதையை அடைத்தால் அது முதல்தரம். "எல்லாருக்கும் ஒரே ஆள் மேல கோவம். பாட்டு போட்டா அப்பிடியே உள்ள எறங்கும்." சண்டை நெரிசலுக்கும் அவரிடம் அளவுகோல் உண்டு. இரண்டு வண்டி உரசிக்கொண்டு, ஓட்டுநர்கள் சட்டைக் கையை மடித்தபடி இறங்கினால் ஐந்து நிமிடம். "கைய மடிக்கிறவன் அடிக்கவே மாட்டான்." இருவரும் கையில் போனோடு இறங்கினால் இருபது நிமிடம். மச்சானைக் கூப்பிடுவார்கள், இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிடுவார்கள், பள்ளத்தைப் படம் எடுப்பார்கள்.

கூரையில் ஒலிபெருக்கி இருக்கிறது. அக்கா அதைத் தொடுவதே இல்லை. "நாம கத்துனா அவன் கண்ணாடிய ஏத்திடுவான். சும்மா இருந்தா அவனே தேடி வருவான்."

பலகை வந்த கதை ஒரு விபத்துதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஊரின் ஆகப்பெரிய நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி படுத்துவிட்டது. நாலு பக்கமும் ஹார்ன். திட்டியவர்கள் அவரையும் விடவில்லை, அவர் தலைமேல் இருந்த காதையும் விடவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்லூரிகளில் போட்டி நடத்துவதற்காக வண்டிக்குள் ஒரு கரும்பலகை கிடந்தது. அதை எடுத்து, "வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வர அரை மணி ஆகும். மன்னிக்கவும். அதுவரை எங்கள் பாட்டைக் கேளுங்கள்" என்று எழுதிப் பின்கதவில் மாட்டினார். ஹார்ன் மெல்ல அடங்கியது. அந்த அரைமணி நேரத்தில் நிலையத்துக்கு வந்த போன் அழைப்புகள் அதற்கு முன் ஒரு வாரத்தில் வந்ததைவிட அதிகம். பெரும்பாலும், "அந்தம்மாவுக்கு மெக்கானிக் வந்தாச்சா?" என்ற விசாரிப்பு. அன்றிலிருந்து பலகை இறங்கவில்லை.

அதில் எழுதும் நிமிடக் கணக்கில் மட்டும் அக்கா ஒருவரையும் தலையிட விட்டதில்லை. நாற்பது என்றால் நாற்பதுதான். குறைத்து எழுதினால் கேட்பவர்கள் பொறுமையாக இருப்பார்களே என்று நிலையத்திலிருந்து ஒருவர் சொன்னபோது, "ஒரு தடவ பொய் எழுதுனா, மறுநாள் அவன் படிக்கவே மாட்டான் சார்" என்று முடித்துவிட்டார்.

இந்த ஆண்டு விளம்பரப் பிரிவுக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். துடிப்பான ஆள், நல்ல பிள்ளை, கையில் எப்போதும் ஒரு டேப்லெட். வண்டி ஒரு நாளில் ஓடிய தூரம் அதில் தெரியும். இருபத்தேழு கிலோமீட்டர் என்று பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா எங்கோ நிழலில் நிறுத்தித் தூங்குகிறார் என்றே முடிவு கட்டிவிட்டார். அக்கா அவருக்கு 'கிலோமீட்டர் சார்' என்று பெயர் வைத்தார். மூன்று நாள் புறவழிச்சாலையைச் சுற்றிவரச் சொல்லி உத்தரவு வந்தது. நாளுக்கு நூற்றெண்பது கிலோமீட்டர்.

அந்த மூன்று நாளும் அக்கா பட்ட பாட்டை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். நெரிசலில் ஊசி நுழையும் இடத்தில் வண்டியை நுழைத்துவிடும் அவருக்குக் காலிச்சாலை என்றால் குலை நடுங்கும். "முன்னாடி ஒண்ணுமே இல்லைன்னா எங்க பாத்து ஓட்டுறது?" காது காற்றைப் பிடித்துக்கொண்டு ஊதல்போல் அலறியது. மூன்று நாளில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவர், "அது எதுக்குங்க காது?" என்று கேட்டார்.

ஆனாலும் அதிகாரிக்கு மனம் ஆறவில்லை; தப்பு வண்டியில்தான் என்று நினைத்தார். வண்டியையே விற்றுவிட்டு, அந்தச் செலவில் புறவழிச்சாலையில் பெரிய விளம்பரப் பலகைகள் வைத்துவிடலாம் என்று ஒரு குறிப்பு தயாராகிவிட்டது. அக்காவை இயக்குநரின் காருக்கு மாற்றுவதாகப் பேச்சு. இயக்குநர் வாரம் மூன்று நாள் விமான நிலையம் போகிறவர், அதுவும் விரைவுச்சாலையில். செய்தி கேட்ட மறுநாள் காலை, சாக்பீஸ் சீவிக்கொண்டிருந்த கணவரிடம், "நாளைலேருந்து இதுகூட வேணாமோ என்னவோ" என்றார். வழக்கமாக நான்கு சீவுகிறவர் அன்று எட்டு சீவினார். அதைப் பார்த்ததும்தான் தனக்கு நிஜமாகவே பயம் வந்தது என்கிறார் அக்கா.

அன்று காலை அவரே அதிகாரியிடம் போய் நின்றார். "ஒரு நாள் எங்கூட வாங்க சார். அப்பறம் உங்க இஷ்டம்."

அதிகாரி வந்தார். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த ரூட்?" என்றார். "மொத்த மார்க்கெட் தாண்டி பாலத்துல ஏறுற எடம். பத்தே காலுக்கு அங்க இருக்கணும்." சொன்னபடி பத்தேகாலுக்கு அங்கே போய் நின்றார்கள். நின்றார்கள் என்றால் நட்டுவைத்ததுபோல. பாலத்தின் வாயில் ஒரு வெள்ளை வேனும் ஒரு பால் வண்டியும் உரசி நின்றன. அக்கா படியில் ஏறி எட்டிப் பார்த்தார். இரண்டு ஓட்டுநர்களும் கையில் போனோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"போனா? அப்போ இருபது" என்று முணுமுணுத்தபடி போய் எழுதினார்: "பாலத்தில் இரண்டு வண்டி உரசல். இருபது நிமிஷம் ஆகும்." திரும்பி வந்து, "எறங்கி பின்னாடி நடந்து பாத்துட்டு வாங்க சார். யார் என்ன கேக்கறாங்கன்னு உங்க காதாலயே கேளுங்க" என்றார்.

அதிகாரி இறங்கி நடந்தார். முதலில் ஒரு டாக்சி. அதன் ஓட்டுநர் பலகையைப் படித்துவிட்டு இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார், உள்ளே நிலையத்தின் பாட்டு ஓடியது. அடுத்த காரிலும் அதே பாட்டு. மூன்றாவதில் வேறு நிலையம். நான்காவதில் ஓர் அம்மாள் அதே பாட்டுக்கு ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பலகை தெரியாது. அவர்களுக்கு டாக்சிக்காரர் படுக்குமுன் இறங்கிப் போய்ச் சேதி சொல்லியிருந்தார், பாட்டு எந்த நிலையத்தில் என்பதையும் சேர்த்துத்தான். அதிகாரி டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

இதற்குள் பாலத்தின் வாயில் நடந்ததுதான் அக்காவின் ஆறு வருட அளவுகோலைக் கவிழ்த்துவிட்டது. வேன்காரரும் பால்வண்டிக்காரரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். "டேய், நீயா!" என்று ஒரு கத்தல். அடுத்த கணம் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சாம். கையில் இருந்த போனை எடுத்துத் தோளில் கைபோட்டு இரண்டு படம் எடுத்துக்கொண்டார்கள், வண்டிகளை ஓரம் கட்டினார்கள், வழி திறந்துவிட்டது. மொத்தம் ஆறே நிமிடம்.

முன்னால் பாதை காலி. பின்னால் ஹார்ன் கிளம்பிவிட்டது. அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. அக்கா ஈரத்துணியும் சாக்பீஸுமாகப் பின்கதவு முன்னால் நின்றார்.

"மேடம், முப்பத்தொண்ணுல பத்தொம்பது! பத்தொம்பது வண்டில நம்ம பாட்டு! வண்டிய விக்கச் சொன்ன அந்த நோட்ட நான் கிழிச்சுடறேன், நம்ம வண்டி எங்கயும் போகாது" என்றார் அதிகாரி. "அய்யோ, ரோடு தெறந்துடுச்சு. எடுங்க மேடம், எல்லாரும் திட்டறாங்க!"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை. "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. 'இருபது நிமிஷம்' என்றிருந்ததை அழுத்தித் துடைத்தார். துணியை அதிகாரியின் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிங்க சார்" என்றார். பட்டைச் சாக்பீஸால், ஹார்ன் சத்தத்துக்கு நடுவே, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்: "ஆறு நிமிஷம்தான். தப்பு என்னுடையது."

எழுதி முடித்ததும், டாக்சியின் முன்பக்கம்வரை பலகையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போய், அதன் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் வண்டியில் போய் ஏறினார்.