டாமராக் மஞ்சள்

எங்கள் ஊரில் எதையும் ஒரே தடவையில் ஒப்புக்கொள்கிறவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். காப்பி வேண்டுமா என்றால், வேண்டாம். நிஜமாகவா என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம். மூன்றாம் முறை கேட்டால், சரி, அரைக் கோப்பை. மினசோட்டா ஏரிக்கரை நாகரிகம் இது. காப்பி ஆறிப்போவதைத் தவிர இதில் குறையொன்றும் இல்லை.

இந்த நாகரிகத்தில் ஊறியவள் ஆர்டிஸ் டாலஃப்சன். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமை கல்யாணக் கேக் செய்வாள். ஊரில் பாதித் தம்பதிகள் அவள் கேக்கை வெட்டிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கினார்கள். எல்லாக் கேக்கும் வெள்ளை. வேறு நிறம் கேட்டால், "கேக்கா, சாயமடிச்ச மாட்டுக் கொட்டகையா?" என்பாள்.

கோடையில் அவளுடைய அண்ணன் மகள் கெர்ஸ்டன் வந்தாள். வெகுகாலம் அரிசோனாவில் இருந்தவள்.

"அத்தை, அக்டோபர்ல எனக்குக் கல்யாணம். ஏரிக்கரையில, நெருங்கினவங்க பதினோரு பேர் மட்டும். கேக் நீங்க பண்றீங்களா?"

"ஐயோ, நான் எதுக்குடி? நல்லாப் பண்றவங்களாப் பாரு."

"அப்படியா? சரி அத்தை."

மிச்சமிருந்த இரண்டு கேள்விகளுக்காக ஆர்டிஸ் வாசலில் காத்து நின்றாள். கார் போய்விட்டது. அரிசோனா வெயிலில் பெண்ணுக்கு ஊர் வழக்கம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

கேக் டெல்ஃபீனுக்குப் போயிற்று. சிகாகோவிலிருந்து வந்து குடியேறியவள். கேட்டவுடனே, "ஓ, பண்றேனே!" என்றாளாம். தேவாலயச் சமையலறைப் பெண்கள் அந்த அதிர்ச்சியிலிருந்து மீள ஒரு வாரம் ஆயிற்று.

அதோடு விட்டாளா? நிறம் தேடுகிறேன் என்று ஊரைச் சுற்றினாள். துருப்பிடித்த படகு, பீட்ரூட் ஊறுகாய், சுவர்ப் பாசி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தாள்.

"என் வீட்டுப் பாசியைப் படம் எடுக்கிறா! கற்பனை ஊறுதாம். நான் அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறவ," என்று என்னிடம் பொருமினாள் ஆர்டிஸ்.

"பாசி நல்லாத்தானே இருக்கு?"

"நீ பேசாத. உன் வீட்டுத் திரைச்சீலையை நான் பாத்திருக்கேன்."

பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, கண்ணை மூடவிடாது. டெல்ஃபீன் எதைப் பார்க்கிறாள் என்று வேவு பார்க்கப் போய், ஆர்டிஸும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் காலை, சதுப்பு நிலத்தின் கறுப்புத் தண்ணீர் ஓரத்தில் டாமராக் என்ற ஊசியிலை மரங்கள் இலையுதிர்வதற்கு முன் மஞ்சளாகி நின்றன. வருஷா வருஷம் அப்படித்தான் நிற்கின்றன. அன்று அவள் பேருந்தை நிறுத்திவிட்டாள். பின்னால் பிள்ளைகள் ஊளையிட்டது அவள் காதில் விழவில்லை.

அதன்பின் அவள் சமையலறையில் எலுமிச்சை மஞ்சள், கடுகு மஞ்சள், பேருந்து மஞ்சள் என்று கேக் பூச்சுகள் கிண்ணம் கிண்ணமாகக் குப்பைக்குப் போயின. கடைசியில் ஆறின காப்பியை ஒரு கரண்டி விட்டபோது அந்த மஞ்சள் வந்தது. யாரும் கேட்காத கேக் ஒன்று தயாராயிற்று.

கல்யாணத்தன்று அதைக் காரின் பின்பக்கம் மறைத்துக் கொண்டுவந்தாள். நாற்காலி தூக்கப்போன எனக்கு மட்டும்தான் தெரியும். மேஜையில் டெல்ஃபீனின் கேக் இருந்தது. பாசிப் பச்சை, அதன்மேல் துருச் சிவப்பில் ஒரு தீற்றல். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆர்டிஸ் ஒரு வாய் தின்றாள், முகம் தொங்கிப்போயிற்று.

"நல்லா இல்லையா?" என்றேன்.

"நல்லா இருக்கு. அதான் வயித்தெரிச்சல்."

கிளம்பிவிடலாம் என்று மேல்கோட்டை உள்ளே போடக் காரின் பின்கதவைத் திறந்தாள். தட்டுகளோடு அந்தப் பக்கம் வந்த டெல்ஃபீன் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது டாமராக் மஞ்சள்தானே? நான் நாள்கணக்கா முட்டி மோதியும் வரலை. எப்படிங்க பண்ணீங்க?"

குரலில் பொறாமையின் புளிப்பு தெரிந்தது. அந்தப் புளிப்பு ஆர்டிஸுக்கு நன்றாகப் பழக்கம்.

"அதுவா... கைக்குத் தானா வந்துச்சு," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

கெர்ஸ்டன் ஓடிவந்தாள். "அத்தை! இவ்வளவு அழகா ஒண்ணைப் பண்ணி ஒளிச்சா வச்சிருக்கீங்க? மேஜைக்குக் கொண்டு வாங்க!"

டெல்ஃபீனின் முகம் இன்னும் சுருங்கியது. அதை ஆர்டிஸ் அவசரமில்லாமல் பார்த்து முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தூக்கு, பத்திரம்," என்றாள்.

முதல் துண்டை அவளே வெட்டினாள், தாராளமாக. மணப்பெண்ணிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை டெல்ஃபீனிடம் நீட்டினாள். அவள் கடைசித் துணுக்கையும் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.