வரிசையை நிறுத்திய வெரோனிகா

நெல்லித்தோப்பிலிருந்து பஸ் ஏறி சேதராப்பட்டு கம்பெனிக்கு வெரோனிகா போய்வரத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பைக்குகளுக்கு வயரிங் கட்டுகிற கம்பெனி. வயர் முனையில் பித்தளை டெர்மினலை வைத்து மெஷினில் அழுத்துவது அவள் வேலை. அதிர்ந்து பேசாதவள். ஐந்நூறு முடிந்ததும் கூடையை அடுத்த மேசைக்குத் தள்ளுவாள். அங்கே ஏற்கெனவே நாலு கூடை காத்துக் கிடக்கும். எண்ணிக்கை ஏறினால் சரி, நல்லது கெட்டதைக் கடைசியில் செக்கிங்கில் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்ததில் செய்துவைத்த மூவாயிரமும் கெட்டுப்போயிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்ததில் எல்லோருக்கும் விரலெல்லாம் புண்.

2006இல் பைக் கம்பெனிக்காரர்கள் வந்து முறையையே மாற்றச் சொன்னார்கள். மேசைகளை லாடம் போல வளைத்துப் போட்டார்கள். கூடைகள் போய்விட்டன. ஒன்று முடிந்தால் அப்படியே அடுத்தவர் கைக்கு. தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு. தப்பைக் கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், வேலை மொத்தமும் நின்றுவிடும் என்றார்கள்.

மூன்று நாள் யாரும் அதைத் தொடவில்லை. நிறுத்தினவள் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

நாலாம் நாள் காலை வெரோனிகா, அழுத்திய டெர்மினலை லேசாக இழுத்துப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது. அடுத்த இரண்டும் அப்படியே. எழுந்து கயிற்றை இழுத்தாள். மணி அலறியது.

சூப்பர்வைசர் கலியமூர்த்தி ஓடிவந்தார். "இன்னா வெரோனிகா, லைன நிறுத்திட்ட? இன்னிக்கு லோடு போவணும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். இத இழுத்துப் பாருங்க."

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வரும். ஓரமா போட்டுட்டு ஓட்டு."

"மாட்டேன் சார். வண்டில போறப்ப லைட் அணைஞ்சிட்டா, அத ஓரமா போட முடியுமா?"

மெஷினைத் திறந்தார்கள். டெர்மினலை அழுத்துகிற அச்சு தேய்ந்திருந்தது. மாற்ற இருபது நிமிஷம் ஆயிற்று. முன்னால் போனவற்றை எல்லாம் இழுத்துப் பார்த்தார்கள், உறுதியாக இருந்தன. கெட்டது மொத்தமே மூன்று. கலியமூர்த்தி அவற்றை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பெண்கள் கயிற்றை இழுத்தார்கள். யாரும் திட்டவில்லை.

அடுத்த மாதம் வேறொரு பேச்சு கிளம்பியது. புது முறைக்குப் பதினாறு பேர் வேண்டாமாம், பதினாலே போதுமாம். அதே வரிசையில் வேலை பார்த்த செல்வாம்பாளும் ஆதிலட்சுமியும் போக வேண்டியவர்கள். வெரோனிகா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அச்சு தேயறதுக்கு முன்னாடியே பாக்கறதுக்கு ஆளு வேணும் சார். அவங்க ரெண்டு பேரயும் அதுக்குப் போடுங்க. புது முறைய காட்டி ஆள அனுப்பிட்டா, நாளைக்கி எவளும் வாயத் தொறந்து தப்ப சொல்ல மாட்டா."

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அந்த மாதம் ஒரு அச்சு கூட வேலை நடுவில் தேய்ந்து நிற்கவில்லை. இரண்டு பேரையும் அதே வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஆதிலட்சுமி பிறகு வேறு கம்பெனிக்குப் போனாள், தானாகத்தான். செல்வாம்பாள் மட்டும் தினமும் அரை மணி முன்னதாக வந்து, பூதக்கண்ணாடியும் கையுமாக மெஷின் மெஷினாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.