அண்ணனை நாடோடி என்றார்கள்

அண்ணன் வீட்டில் தங்கவே மாட்டான். பள்ளிக்கூடம் விட்டால் பசறை டவுன். லீவு விட்டால் பண்டாரவளையில் யாராவது கூட்டாளி வீடு. அப்பா இல்லாத பிள்ளை, அம்மாவால் அடக்க முடியவில்லை. "நாடோடிப் பய, வரட்டும் இன்னைக்கு!" என்று வைவாள். வந்ததும் முதலில் அவனுக்குத்தான் சோறு போடுவாள். அதனால் அதை ஒரு செல்லப் பெயர் என்றே நான் நினைத்திருந்தேன்.

மண்சரிவு வந்த காலையில் மட்டும் அவன் வீட்டில் இருந்தான். காய்ச்சல். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள், நான் பள்ளிக்கூடத்தில். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்த இடத்தில் சேறுதான் மிஞ்சியது. பல நாள் தோண்டினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை.

வீடிழந்தவர்களைத் தங்க வைத்த முகாமில் நான் அவனைக் கேட்டு நச்சரித்தபோது மாமா சொன்னார்: "அவன்தான் நாடோடியாச்சே. எங்கயாச்சும் சுத்திட்டு வந்துருவான், அழுவாத." எட்டு வயதுக்காரியின் அழுகையை நிறுத்த அவருக்கு அகப்பட்டது அவ்வளவுதான்.

சில வாரம் கழித்துத் தமிழ்ப் பாடத்தில் அந்தச் சொல் வந்தது. நிலையான வீடில்லாமல் கூட்டமாக ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று டீச்சர் பொருள் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் முகாம் பிள்ளைகள். எங்களைப் பார்த்ததும் அவசரமாக அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். என் மனதில் நின்றது 'கூட்டமாக' என்பதுதான்.

அந்த வாரமே ஆற்றோரம் கூடாரங்கள் முளைத்தன. பாம்புக் கூடைகள், குரங்குகள். யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். ஒவ்வொரு கூடாரத்திலும் தலையை நுழைத்து "அண்ணே" என்று கூப்பிட்டேன். ஒரு பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தாள். பிறகு கையைப் பற்றி முகாமுக்குக் கூட்டி வந்தாள்.

"இந்தப் புள்ள அண்ணனைத் தேடி எங்ககிட்ட வந்துச்சு" என்றாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அடிவிழும் என்று நான் பயந்து நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தாள்.

"இருந்தானாங்க? ஒசரமா இருப்பான். நெத்தியில தழும்பு இருக்கும். நல்லா பாத்தீங்களா?"

அந்தப் பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

மாமா சொன்னதில் அதுவரை எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அம்மாவே விசாரிக்கிறாள் என்றால் அண்ணன் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறான். முகாம் பிள்ளைகளிடம் ஓடிப்போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன்.