லிட்டருக்கு எட்டரை

மைலேஜ் பற்றி யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டயரில் காற்று சரியாக வையுங்கள், ஏசி போடாதீர்கள், சிக்னலில் வண்டியை அணையுங்கள் என்று ஆளாளுக்கு அள்ளி விடுவார்கள். அத்தனையும் செய்து பார்த்தவள் நான். செய்து பார்த்து, கடைசியில் ஒரு மனுஷனையே துரத்தியவள்.

எங்களுடையது டீசல் பிக்கப். பின்னால் கிரேன் பொருத்தி, ரோட்டில் நின்றுபோன கார்களை இழுத்து வரும் வண்டி. வாங்கி ஓட்டியவர் என் வீட்டுக்காரர். இடுப்பு எலும்பு உடைந்து அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவருடைய தம்பி, என் கொழுந்தன், ஓட்டினான். போனை எடுப்பது, எங்கே போக வேண்டும் என்று சொல்வது, தாமதமானால் கத்துவது எல்லாம் என் வேலை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டி நிற்கும். தாம்பரத்திலிருந்து கோவளம் வரை எங்கே கார் படுத்தாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒரு மழைக்காலத்தில் கோவிலம்பாக்கத்தில் முழங்கால் தண்ணீரில் எங்கள் வண்டியே நின்றுவிட்டது. காரை இழுக்கப் போன வண்டியை இன்னொருவன் வந்து இழுத்தான். டீக்கடை டிரைவர்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. அடுத்த மழைக்கு முன்னால் நானே டயர் கடைக்குப் போய் இரண்டு சைஸ் பெரிய டயராகப் பார்த்து நான்கையும் மாற்றினேன். வண்டி நன்றாக உயர்ந்து நின்றது.

கொழுந்தன் டயரைச் சுற்றி வந்து பார்த்தான். "பெர்சு வேணாம் அண்ணி. இழுவை பூடும். கம்பெனி இன்னா சைஸ் குட்த்தானோ அதான் கரெக்ட்டு."

"போன வருஷம் தண்ணியில நின்னுச்சே, அப்ப கம்பெனிக்காரனா வந்து தள்ளினான்?" என்றேன். அவன் அதற்கு மேல் பேசவில்லை. என்னிடம் யாரும் அதற்கு மேல் பேசுவதில்லை.

அந்த மழையில் வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆனால் மைலேஜ் விழுந்தது. நிரம்ப டீசல் போட்டு மீட்டரைப் பார்ப்பது, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று வகுத்துப் பார்ப்பது என் பழக்கம். எப்போதும் லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி எட்டரைக்கு வந்தது. மழை, பள்ளம், நெரிசல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தை பிறந்து ரோடு காய்ந்தது. அப்போதும் எட்டரைதான்.

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி இல்லை. ஏர் ஃபில்டரை மாற்றச் சொன்னேன். ஏசி ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். எடை அதிகம் என்று பின்னால் கிடந்த இரண்டு சங்கிலிகளில் ஒன்றை இறக்கி வைத்தேன். கோவளத்தில் மணலில் புதைந்த காரை வெளியே எடுக்க முடியாமல் அவன் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றான். போனில் அழைத்தவனிடம், "கியரை ஒழுங்கா போட்டா சங்கிலி எதுக்கு?" என்று கேட்டேன். கியருக்கும் சங்கிலிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியாது. கத்த வேண்டும், கத்தினேன்.

பிறகு சந்தேகம் வந்தது. சீட்டுக்குப் பின்னால் அவன் ஒரு ஐந்து லிட்டர் கேன் வைத்திருப்பான். ஒருநாள் அவன் டீ குடிக்கப் போனபோது அதை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீர். டீசல் வாசனையே இல்லை. 'கழுவி வைத்திருக்கிறான், கெட்டிக்காரன்' என்று நினைத்தேன். புத்தி அப்படித்தான் போனது. டயர் மேல் மட்டும் போகவில்லை, ஏனென்றால் டயர் நான் வாங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பங்கில் நிரப்பி வகுத்துப் பார்த்தேன். எட்டரைக்கும் கொஞ்சம் கீழே. நேராக டீக்கடைக்கு வந்தேன். ஐந்தாறு டிரைவர்கள் கிளாஸும் கையுமாக நின்றார்கள். வீட்டுக்கு அழைத்துப் பேசியிருக்கலாம். அண்ணன் முன்னால் வைத்துக் கேட்டிருக்கலாம். நான் அங்கேயே கேட்டேன்.

"டீசலை எங்கடா விக்கிற?"

அவனுக்கு நாற்பது வயது. என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "இன்னா அண்ணி சொல்றீங்கோ?" என்றான். உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. அந்தப் புரியாத முகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"நடிக்காத. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு பாப்போம்."

வண்டிக்கு வெள்ளிதோறும் பூஜை போடுவதால் டேஷ்போர்டில் சூடம் எப்போதும் இருக்கும். அவனே போய் எடுத்து வந்தான். ஒரு செங்கல்லை வண்டிக்கு முன்னால் போட்டு, இரண்டு கட்டி வைத்து ஏற்றினான். நன்றாகப் பிடித்து எரியும்வரை காத்திருந்தான். "ஒரு சொட்டு எடுத்திருந்தாலும் என் கை வெளங்காம போவட்டும்" என்று சொல்லி உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினான்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "திருடறவனுக்கு சூடம் ஒரு கேடா!" என்றேன்.

அவன் சாவியை பானட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் என் வீட்டுக்காரர் நான்கு நாள் என்னிடம் சாப்பாடு கேட்கவில்லை; தானே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை. எப்போதோ எடுத்த லைசென்ஸ் இருந்தது; வண்டியை நானே ஓட்ட ஆரம்பித்தேன். கொக்கி மாட்டக் கற்றுக்கொண்டேன். திருடன் போய்விட்டான், இனி பத்து வரும் என்று முதல் டேங்கை வகுத்துப் பார்த்தேன்.

எட்டரை.

எனக்கு ஓட்டத் தெரியவில்லை, பழகினால் ஏறும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது டேங்க், மூன்றாவது டேங்க். அதே எட்டரை. உள்ளுக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்தது. அதையும் அதட்டி உட்கார வைத்தேன்.

ஒருநாள் மதியம் கோவளத்தில் நின்றுபோன ஒரு காரை கோவிலம்பாக்கத்துக்கு இழுத்துப் போனேன். காருக்குச் சொந்தக்காரப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது வாடகைக்கு மீட்டரைப் பார்த்து இருபத்தாறு கிலோமீட்டர் என்றேன்.

"மேடம், உங்க மீட்டர் தப்பா காட்டுது. மேப்ல ட்வென்ட்டி எய்ட்."

"என் மீட்டரெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"குறைச்சு காட்டினா எனக்கு லாபம்தான். செக் பண்ணுங்கன்னு சொல்றேன், அதுக்கு ஏன் கோவப்படறீங்க?"

அங்கிருந்து நேராக டயர் கடைக்குத்தான் போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்பது போகும்போதே தெரிந்துவிட்டது. கடைக்காரர் ஒரு டயருக்குக் காற்று அடித்தபடியே சொன்னார். "சக்கரம் எத்தினி சுத்து சுத்துச்சுன்னுதான்கா மீட்டருக்குத் தெரியும். பெரிய டயர் ஒரு சுத்துல நெறைய தூரம் பூடும். அப்ப சுத்து கம்மி, மீட்டர்லயும் கம்மியாத்தான் ஏறும், வகுத்தா மைலேஜும் கம்மியாத் தெரியும். இழுவைக்கும் கொஞ்சம் டீசல் கூட குடிக்கும்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க பேச வுட்டீங்க?"

பழைய சைஸையே மாட்டச் சொன்னேன். அடுத்த டேங்கில் பத்து வந்தது. அந்தப் பத்தைப் பார்த்து பங்கிலேயே ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். இறங்கிப் போய் அவனையும் திட்டினேன்.

கொழுந்தன் கோவளத்தில் மீன் கூடைகளை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஓட்டும் வேலை எங்கும் கிடைக்கவில்லை. எந்த முதலாளி டீக்கடையில் விசாரித்தாலும், டீசல் கேஸ் என்று சொல்லி அனுப்பினார்கள். பதினெட்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடை தூக்குவதை பஸ் ஸ்டாப்பிலிருந்தே பார்த்தேன். கிட்டே போய், மீட்டரையும் டயரையும் சொல்லி, என் மேல்தான் தப்பு என்றேன். அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

அவன் கூடையை இறக்கி வைத்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இத்த என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம் அண்ணி? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அங்க போய்ச் சொல்லுங்க. அவுங்கதான் கேட்டுகினு இருந்தாங்கோ."

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். அதே ஆட்கள் இருந்தார்கள். டயர், சுற்று, மீட்டர் எல்லாவற்றையும் விளக்கினேன். மேப் கணக்கைச் சொன்னேன். பத்து வந்ததைச் சொன்னேன். அவன் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை, தப்பெல்லாம் என்னுடையது என்று குரலை உயர்த்திச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஆட்டோக்காரர் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார். "வுடுக்கா. சொந்தக்காரன், இன்னா பண்றது. டயர் மேல பழியப் போட்டு மறைக்கத்தான் பாப்பீங்கோ."

"மறைக்கல. நெசமாத்தான் சொல்றேன்."

"சரிக்கா, சரி. நாங்க யாரும் வெளிய சொல்ல மாட்டோம்."

என்னிடமும் சூடம் இருந்தது. டேஷ்போர்டிலிருந்து எடுத்து அதே இடத்தில் வைத்து ஏற்றி, கையை வைத்து அணைத்தேன். எவ்வளவு சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்டோக்காரர் பதறிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். "குடும்ப மானம்னா பொம்பளைங்க எதுவும் செய்வாங்கப்பா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

வண்டியில் உட்கார்ந்து இடது கையால் போனைப் பிடித்துக் கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"சொல்லிட்டேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்டா."

மறுமுனையில் யாரோ மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும் அண்ணி" என்றான். "சூடம் அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"அதுக்கப்புறமும் நம்பலல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான்.